இரைச்சல் எங்கிருந்து வருகிறது?

ஓசைகளுக்குப் பெயர் வைப்பதில் நம் முன்னோர் உலோபிகளாக இருந்ததில்லை. மழை இரைகிறது, வண்டு முரல்கிறது, பாம்பு சீறுகிறது, வண்டிச் சில்லு கடகடக்கிறது, அடுப்பில் இட்ட பச்சை விறகு சடசடக்கிறது. மின்னியல் நூலார் இவை யாவற்றையும் ஒரே சொல்லுக்குள் அடக்கிவிட்டனர். நமது பாடநூல்களும் அதனை ‘இரைச்சல்’ என்று பெயர்த்துக்கொண்டன. பெயர்ப்பிற் குறையில்லை. ஆயினும், மோட்டார்க் காரிற் பூட்டிய வானொலியில் எழும் வேண்டாத ஓசைக்குக் காரணம் தேடப் புகுபவனுக்கு அந்த ஒரு சொல் போதாது. தான் கேட்பது முரல்வதா, சடசடப்பதா என்று சொல்லத் தெரிந்தாலன்றி அவன் ஓரடியும் முன்வைத்தல் இயலாது. அவை ஒரு நோயின் இரு குறிகள் அல்ல. இரு வேறு நோய்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பௌதிகம் கற்பித்த நான் இதனைச் செவ்வையாக உணர்ந்தது, ஓய்வுபெற்றபின், சண்டிலிப்பாயில் என் தமக்கையார் வீட்டு முற்றத்தில் நின்ற ஒரு பழைய காரின் முன்னேதான்.

அந்தக் கார் 1953ஆம் ஆண்டுச் செய்கை. ஒஸ்ரின் கம்பனியாரின் ஏ-40. ‘ஏ போர்ட்டி’ என்றால் எங்கள் ஊரிற் பிள்ளைகளுக்கும் தெரியும். அதனை வாங்கியவர் என் அத்தான். அறுபதுகளிலும் எழுபதுகளிலும் வெளிநாட்டுக் கார்களின் இறக்குமதிக்கு இலங்கையில் இறுக்கமான கட்டுப்பாடுகள் இருந்தமையால், கையில் உள்ளதைப் பழுதுபார்த்து ஓட்டுவதே வழக்கமாயிற்று. பின்னர் வந்த போர் அவ்வழக்கத்தை யாழ்ப்பாணத்தில் இன்னும் நீட்டியது. 1990ஆம் ஆண்டு ஜூன் மாதம் போர் மீண்டும் மூண்டபின் பெற்றோலும் வானொலிப் பற்றறிகளும் வடக்கே வருவது தடுக்கப்பட்டபோது, எங்கள் ஊர்க் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடப் பழகின. புறப்படும்போது மட்டும் சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குக் காட்டுவார்கள். எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். புகையையும் நாற்றத்தையும் பொறுத்துக்கொண்டு அத்தானின் காரும் ஓடிற்று. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாமத்து மக்கள் யாவரும் இடம்பெயர்ந்தபோது அது கொட்டிலிலேயே நின்றது. மறு ஆண்டு நாங்கள் திரும்பி வந்தபோது ரயர்கள் இல்லை, பற்றறி இல்லை, உடல் மட்டும் இருந்தது. அத்தான் எங்களோடு திரும்பவில்லை. தென்மராட்சியில் இருந்த மாதங்களில் நோய்வாய்ப்பட்டு அங்கேயே காலமானார். காரை விற்கத் தமக்கையார் என்றும் உடன்பட்டதில்லை.

சென்ற ஆண்டு நல்லூர்த் திருவிழாக் காலத்தில் அவர் மகன், என் மருமகன், கனடாவிலிருந்து வந்திருந்தான். வந்து மூன்றாம் நாளே காருக்குள் ஒரு வானொலிப் பெட்டியும், பின்பெட்டியில் ஒரு விரியலாக்கியும், ஆசனத்தின் பின்னே இரண்டு ஒலிபெருக்கிகளும் பூட்டுவிக்கத் தொடங்கினான். எழுபது ஆண்டு வயதுடைய காருக்கு இந்த ஆடம்பரம் எதற்கு என்று நான் சற்றுக் கடிந்துதான் கேட்டேன். அவன் என்னை வேலியோரம் அழைத்துச் சென்று மெல்லிய குரலிற் சொன்னான்.

1993இல் அத்தான் தம் மகனுக்குக் கடிதத்துக்குப் பதிலாக ஓர் ஒலிநாடா பதிந்து அனுப்பினார். புலம்பெயர்ந்தோர் வீடுகளில் அது அக்காலத்து வழக்கம். கிளாலிக் கடல்நீரேரியை இரவில் வள்ளத்திற் கடந்து கொழும்பு சென்ற உறவினர் ஒருவர் அதனைக் கொண்டுபோனார். அந்தப் பயணத்தில் உயிரிழந்தோர் பலர். ஆகையால், நாடா உரியவர் கைக்குச் சேர்ந்ததா என்று இங்கே எங்களுக்குத் தெரியாது. பின்பு கேட்கவும் மனம் வரவில்லை. சேர்ந்திருக்கிறது. தந்தை இறந்த செய்தி கேட்டபின் அதனைப் போட்டுக் கேட்கும் துணிவு மகனுக்கு வரவில்லை. இருபத்தெட்டு ஆண்டுகள் பெட்டிக்குள் வைத்திருந்து, ஒருநாள் கடையிற் கொடுத்து மின்கோப்பாக மாற்றி, விரலளவு நினைவுக்குச்சி ஒன்றிற் கொண்டுவந்திருந்தான். “அம்மாவை அப்பான்ரை காரிலை முன்சீற்றிலை இருத்தி, நல்லூருக்குக் கூட்டிக்கொண்டு போகேக்கை போட்டுக் காட்டப் போறன், மாமா,” என்றான்.

அதற்குமேல் நான் ஆடம்பரத்தைப் பற்றிப் பேசவில்லை.

பூட்டி முடிந்ததும் கேட்டால் ஒரே இரைச்சல். வேலையைச் செய்தவன் என்னிடம் படித்த இளைஞன்; சந்திக்கு அணித்தாகச் சிறு கறாச் ஒன்று வைத்திருக்கிறான். கம்பிகளை மாற்றினான், விரியலாக்கியைக் கடையிற் கொடுத்து வேறொன்று வாங்கிப் பூட்டினான், ஒலிபெருக்கிகளையும் மாற்றினான். இரைச்சல் மாறவில்லை. மருமகனோ காரை யாழ்ப்பாண நகருக்குக் கொண்டுபோய் வேறொருவரிடம் காட்டப்போவதாகச் சொல்லிவிட்டான். புறப்படும் நாளும் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒருநாள் மாலை அவ்விளைஞன் என் படலையில் வந்து நின்றான். “சேர், எல்லாத்தையும் மாத்திப் பாத்திட்டன். சத்தம் போகுதில்லை. என்ரை பேர் கெடப்போகுது. ஒருக்கா வந்து பாருங்கோ,” என்றான்.

எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தான் என்பதிலேதான் அவன் பிழை இருந்தது. மாற்றினானேயன்றி ஒன்றையும் கேட்கவில்லை.

நிற்க. காரும் வானொலியும் ஒன்றுக்கொன்று பகையாய் அமைந்தமைக்குக் காரணம் யாது என்பதை ஈண்டுச் சிறிது சொல்லுதல் வேண்டும். 1887ஆம் ஆண்டளவில் ஜேர்மனியில் ஹேட்ஸ் என்னும் அறிஞர் மின்காந்த அலைகளை ஆய்வுகூடத்தில் முதன்முதல் தோற்றுவித்துக் காட்டியது எதனால்? ஒரு தூண்டற்சுருளின் முனைகளுக்கிடையே பாய்ந்த மின்பொறியினால். 1901ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆந் திகதி அத்திலாந்திக் சமுத்திரத்துக்கு அப்பாலிருந்து மார்க்கோனி ஓரெழுத்தின் சமிக்ஞையைப் பெற்றதும் மின்பொறி எழுப்பிய அலையினாலேயே. இப்போது ஒரு பெற்றோல் எஞ்சினை நோக்குங்கள். தூண்டற்சுருள் இருக்கிறது, பொறி பாயும் இடைவெளி இருக்கிறது, நீண்ட கம்பிகள் இருக்கின்றன. ஹேட்ஸ் மேசைமீது வைத்திருந்த கருவியை நாம் சில்லுகள்மேல் ஏற்றி ஓட்டிக்கொண்டு திரிகிறோம். நாலு சிலிண்டர் எஞ்சினில், தண்டு ஒருமுறை சுழல இரண்டு பொறிகள். நிமிடத்துக்குத் தொள்ளாயிரம் சுற்று என்றால் வினாடிக்கு முப்பது பொறி. மூவாயிரம் சுற்று என்றால் நூறு. ஒவ்வொன்றும் ஒரு சிறு ஒலிபரப்பு நிலையம். அதற்கு இரண்டடி தொலைவில் வானொலியை வைத்து, எங்கோ தூரத்து நிலையத்தின் மெல்லிய அலையைப் பிடி என்றால் அது என் செய்யும்?

1930ஆம் ஆண்டு அமெரிக்காவிற் பால் கல்வின் என்பவர் விற்பனைக்கேற்ற கார் வானொலி ஒன்றைச் செய்ய முனைந்தபோது, அவருக்கும் அவருடன் உழைத்தோருக்கும் பெருந்தலையிடியாய் இருந்தது வானொலியை வைக்க இடம் தேடுவதன்று. இந்தப் பொறிகளின் வாயை அடைப்பதே. அதனைச் செய்து முடித்தபின் ‘மோட்டறோலா’ என்று அதற்கொரு பெயரும் சூட்டினார். அப்பணியில் உடனிருந்த எல்மர் வேவரிங் என்பார் பிற்காலத்தில் கார்களுக்கு ஆடலோட்டப் பிறப்பாக்கியைக் கொண்டுவரும் வேலையிலும் ஈடுபட்டார். அந்தப் பிறப்பாக்கி பிறிதொரு வகை ஓசையைக் கார் வானொலிக்குள் விட்டது என்பதை நினைக்கும்போது எனக்குச் சிறிது சிரிப்பு வருவதுண்டு. எட்வின் ஆம்ஸ்ட்ரோங் 1936இல் வெளியிட்ட பேர்பெற்ற கட்டுரையின் தலைப்பே, அதிர்வெண் மட்டிசைப்பினால் வானொலித் தொந்தரவுகளைக் குறைக்கும் முறை என்ற கருத்துடையது. பண்பலை என்று இன்று நாம் கேட்பது அதுவே. பொறிகளின் அலை, வந்த அலையின் உயரத்தைத்தான் பெரிதும் குழப்பும். செய்தியை உயரத்தில் ஏற்றாமல் அதிர்வெண்ணில் ஏற்றினால் அக்குழப்பத்தைப் பெரும்பாலும் வெட்டி எறிந்துவிடலாம். மத்திய அலையில் இலங்கை வானொலியைக் கேட்டு வளர்ந்த தலைமுறை, பக்கத்து வீட்டு மோட்டார்ச் சைக்கிள் புறப்படுவதையும் பாட்டோடு சேர்த்துக் கேட்டே வளர்ந்தது.

இங்கிலாந்தில் 1952ஆம் ஆண்டு எஞ்சின் பொறிகளின் தொந்தரவைக் கட்டுப்படுத்தச் சட்டவிதி இயற்றினார்கள். காரோட்டிகள்மீது கொண்ட இரக்கத்தாலன்று. தெருவோரத்து வீடுகளில் தொலைக்காட்சிப் படங்கள் கெட்டுப்போயின என்பதால். அத்தானின் காருக்கும் தொடக்கத்தில் அடக்கிகள் இருந்திருத்தல் கூடும். மண்ணெண்ணெய்க் காலத்தில், பொறி பலமாக விழவேண்டும் என்று அவற்றையெல்லாம் கழற்றி எறிந்து வெறும் செப்புக் கம்பி போட்டிருந்தார்கள்.

இனி முற்றத்துக்கு வருவோம்.

முதலில் எஞ்சினைத் தொடக்காமல் வானொலியை மட்டும் இயக்கச் சொன்னேன். பாட்டுத் தெளிவாகக் கேட்டது. ஆகவே விரியலாக்கியும் ஒலிபெருக்கியும் குற்றமற்றவை. அவன் செலவழித்த பணம் வீண். எஞ்சினைத் தொடக்கினோம். இரண்டு ஓசைகள் எழுந்தன. ஒன்று சடசடப்பு, மற்றது மெல்லிய முரல்வு. எஞ்சினை விரைவித்தால் சடசடப்பு நெருங்கியது. முரல்வு உச்சத்தாயிக்கு ஏறியது. இரண்டும் எஞ்சினோடு இணைந்தவை என்பது தெளிவாயிற்று.

அடுத்து, ஒலியளவைச் சுழியத்துக்குக் கொண்டுவரச் சொன்னேன். இந்தச் சோதனைக்கு ஒரு காசும் செலவில்லை. ஆயினும் இதைச் செய்பவர் மிகச் சிலர். பாட்டு நின்றது; அதனோடு சடசடப்பும் நின்றது. முரல்வு மட்டும் இம்மியும் குறையாமல் இருந்தது. பொருள் என்ன? சடசடப்பு ஒலியளவுக் குமிழுக்கு முன்னே நுழைகிறது. முரல்வு குமிழுக்குப் பின்னே, பெட்டிக்கும் விரியலாக்கிக்கும் இடையில் எங்கோ நுழைகிறது. இரு கள்வர், இரு வாயில்கள். இளைஞனின் முகத்தில் அப்போதுதான் சிறிது ஒளி வந்தது.

பிறகு காரை வயல்வெளித் தெருவுக்குக் கொண்டுசென்றோம். வேகமாய் ஓடும்போது, கியரில் இருக்கையிலேயே சாவியை அணைக்கச் சொன்னேன். வானொலிக்கு மின் நேரே பற்றறியிலிருந்து வந்தமையால் அது நிற்கவில்லை. சாவியை அணைத்தவுடன் பொறிகள் நின்றுவிடும். ஆனால் சில்லுகள் எஞ்சினை இழுத்துச் சுழற்றுவதால் தைனமோ சுழன்றுகொண்டே இருக்கும். சடசடப்புச் சட்டென்று அற்றது. முரல்வோ கார் தளரத் தளரத் தானும் இறங்கி இறங்கி ஓய்ந்தது. சடசடப்பவன் பொறி, முரல்பவன் தைனமோ. ஐயமில்லை. (இக்காலக் கார்களில் இதனைச் செய்துபார்க்க வேண்டாம் என்று வாசகர்களை வேண்டுகிறேன். சாவியை அணைத்தால் திசைதிருப்பியிற் பூட்டு விழலாம். தடைப்பொறியின் துணைவிசையும் குன்றும். அத்தானின் காரில் இரண்டும் இல்லை.)

வீட்டுக்கு வந்து அலைவாங்கிக் கம்பியைக் கழற்றினோம். சடசடப்பு ஏறத்தாழ மறைந்தது. எனவே அது வான்வழியே வருவது. எங்கிருந்து கசிகிறது என்று காண, என் பழைய சட்டைப்பை வானொலியை எடுத்துவந்தேன். மத்திய அலையில் நிலையம் ஒன்றும் இல்லாத இடத்தில் அதை வைத்து, திறந்த எஞ்சினருகே மெல்லக் கொண்டுபோனால், பொறிக்கம்பிகளை அணுகும்போது அது கத்தத் தொடங்கும். அதன் உள்ளே உள்ள அலைவாங்கித் தண்டைத் திருப்பத் திருப்ப ஓசை ஏறியும் இறங்கியும் திசையையும் உணர்த்தும். வைத்தியர் நெஞ்சில் வைத்துக் கேட்கும் குழாய் போன்றது அது. விலை உயர்ந்த கருவிகள் இல்லாத ஊர்களில் இதைவிட நல்ல கருவியை நான் அறியேன். செப்புக் கம்பிகளுக்குப் பதிலாகத் தடையுள்ள காபன் கம்பிகள் இட்டோம். அத்தடை பொறியின் ஓட்டம் திடீரெனக் குதிப்பதை அடக்கும். எரிபற்றுதலுக்கு இடையூறு செய்யாது. தூண்டற்சுருளின் ஆளிப்பக்கத்து முனைக்கும் உடலுக்கும் இடையே ஒரு கொள்ளளவி வைத்தோம். எதிர்ப்பக்கத்து முனையில் வைத்தால் பொறியே கெட்டுவிடும் என்பதை மறக்கக்கூடாது.

அப்போது இன்னொன்றும் அகப்பட்டது. அக்கால இங்கிலாந்துக் கார்களில் பற்றறியின் நேர்முனையையே உடலோடு இணைத்திருப்பார்கள். இன்றைய வானொலிகள் மறைமுனை உடலில் இருப்பதையே வேண்டுவன. ஆகவே இளைஞன் பற்றறியைத் திருப்பிப் பூட்டி, தைனமோவின் காந்தமுனைவையும் மாற்றியிருந்தான், கெட்டிக்காரன். ஆனால் தூண்டற்சுருளின் இரு கம்பிகளை மாற்ற மறந்துவிட்டான். அதனாற் பொறி எதிர்த்திசையிற் பாய்ந்தது. சூடான நடுமுனையிலிருந்து எளிதாய்ப் புறப்பட வேண்டிய இலத்திரன்கள் குளிர்ந்த ஓரமுனையிலிருந்து புறப்பட நேர்ந்தமையால், கூடிய வோல்ற்றளவு வேண்டியதாயிற்று; தொந்தரவும் மிகுந்தது. கம்பிகளை மாற்றியதும் எஞ்சின் காலையிற் புறப்படுவதுகூட இலகுவாயிற்று.

முரல்வைப் பிடிக்க அதிக நேரம் செல்லவில்லை. பெட்டியிலிருந்து விரியலாக்கிக்குச் செல்லும் சமிக்ஞைக் கம்பிகளை அதன் வாயிற் கழற்றினோம். முரல்வு நின்றது. அப்படியானால் அது அக்கம்பிகள் வழியாகவே வருகிறது. பெட்டியின் புவித்தொடுப்பு முன்னே பலகையின் கீழ். விரியலாக்கியினது பின்பெட்டியில், பூச்சுப் பூசிய தகட்டின்மேல் ஓர் ஆணி. பூச்சும் துருவும் ஒரு சிறு தடையாகின. நூறில் ஒரு பங்கு ஓம் என்றே கொள்வோம். அதனூடே பத்து அம்பியர் பாய்ந்தால் பத்தில் ஒரு பங்கு வோல்ற்று. அற்பந்தானே என்று தோன்றும். ஆனால் பெட்டியிலிருந்து விரியலாக்கிக்குப் போகும் மென்மையான குரலின் சமிக்ஞை அதனிலும் சிறிதாயிருத்தல் கூடும். தைனமோவின் ஓட்டத்தில் உள்ள அலைவு அந்த இரு ‘பூமி’களுக்கும் இடையே ஒரு வித்தியாசத்தை உண்டாக்க, விரியலாக்கி அதனையும் பாட்டென்று எண்ணிப் பெருக்கிக் கொடுக்கிறது. பூமி என்று பெயரிட்டுவிட்டதால் எல்லாம் ஒரே பூமி ஆகிவிடாது என்பதை நான் வகுப்பிற் பலமுறை சொல்லியிருக்கிறேன். அன்று அதனைக் காதாற் கேட்டேன். பூச்சைச் சுரண்டி, தடித்த கம்பி ஒன்றைப் பற்றறியின் மறைமுனையிலிருந்தே பின்னே கொண்டுபோய், இரண்டையும் ஓரிடத்தில் தொடுத்தோம். தைனமோவின் பெருமுனையில் ஒரு கொள்ளளவியும் இட்டோம். புலமுனையில் இடலாகாது. முரல்வு காதுக்கு எட்டாத அளவாயிற்று.

புதிய வான்களை ஓட்டுபவர்களுக்கு ஒன்று சொல்லி மேற்செல்கிறேன். அவற்றில் உள்ள ஆடலோட்டப் பிறப்பாக்கி மூன்று கட்டத்தினது. பெரும்பாலும் பன்னிரண்டு முனைவுகள் உடையது. ஆறு இருவாயிகள் அதனை நேரோட்டமாக்கும். ஒரு சுற்றுக்கு முப்பத்தாறு சிற்றலைகள். எஞ்சின் நிமிடத்துக்கு எண்ணூறு சுற்றும்போது பிறப்பாக்கி அதனிலும் இரண்டரை மடங்கு சுழன்றால், வினாடிக்கு ஆயிரத்திருநூறு அதிர்வு. ஒரு சீழ்க்கை போலக் கேட்கும். நெடுநாள் மௌனமாய் இருந்த வாகனத்தில், ஒருவரும் ஒன்றையும் கழற்றாதபோது, இந்த ஓசை திடீரெனத் தோன்றித் தடித்த குரலில் முரலுமானால், இருவாயி ஒன்று பழுதாகியிருத்தல் கூடும். அது இரவிற் பற்றறியையும் வறிதாக்கிவிடலாம். அவ்விடத்தில் வடிகட்டி வாங்கி ஓசையை அடக்குவது, காய்ச்சற்காரனின் முனகலைத் தலையணையால் அமுக்குவது போன்றது.

வேலை முடிந்தபோது பொழுது பட்டுவிட்டது. மருமகனை அழைத்தோம். வானொலி கேட்டான், தெளிவு. பாட்டொன்று போட்டான், தெளிவு. பின்பு அந்த நினைவுக்குச்சியைச் செருகினான்.

அத்தானின் குரல் வந்தது. அதனோடு முரல்வும் வந்தது.

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். இளைஞன், “சேர், இன்னும் இருக்கு,” என்று சொல்லிவிட்டு, தரையிற் கிடந்த திருகாணிச் சாவியை எடுக்கக் குனிந்தான். அவன் கை நடுங்கியதைக் கண்டேன். எனக்கும் சற்று வெட்கமாய்த்தான் இருந்தது. முதல்நாள் முதற்கொண்டு அவன் தன் வேலையைச் சோதித்துப் பார்த்ததெல்லாம் மருமகன் கொடுத்த இந்தக் கோப்பைப் போட்டே என்பது அப்போதுதான் தெரியவந்தது. நான் சோதித்ததோ வானொலியையும் பாட்டையும். “எஞ்சினை நிப்பாட்டு தம்பி,” என்றேன்.

எஞ்சின் நின்றது. முரல்வு நிற்கவில்லை. பாட்டைப் போட்டால் இல்லை. அத்தானின் குரலுக்கு மாற்றினால் இருந்தது. அப்படியானால் அது காரில் இல்லை, பதிவிலேயே இருக்கிறது.

உற்றுக் கேட்டேன். அது தைனமோவின் குரல்தான். ஆனால் இந்தத் தைனமோவினது அன்று. எஞ்சினின் சீர் அதற்கில்லை. ஏறும், சிறிது நின்று தளரும், மீண்டும் ஏறும். சில விநாடி கேட்டவுடனே எனக்கு எல்லாம் நினைவுக்கு வந்துவிட்டது.

1993இல் இவ்வூரில் மின்சாரம் இல்லை. பற்றறியும் இல்லை. சைக்கிளை நிறுத்தியிற் போட்டுப் பின்சில்லை உயர்த்தி, விளக்குக்கென்று பூட்டிய ஆறு வோல்ற்றுத் தைனமோவைச் சில்லோடு அழுத்தி, ஒருவர் மிதிக்க மற்றவர்கள் வானொலியிற் செய்தி கேட்பதே வலிகாமத்து வழக்கம். அத்தான் நாடாப் பதிவுக் கருவியை மேசையில் வைத்துப் பேச, மூன்று வோற்று அளவுக்கே வலுவுள்ள அத்தைனமோவை நான் மிதித்துக்கொண்டிருந்தேன். பழுதான வானொலி ஒன்றிலிருந்து பிடுங்கிய நாலு இருவாயிகளும் ஒரு கொள்ளளவியும் என் கைவேலை. கொள்ளளவி சிறிது, வேறொன்று எங்கும் கிடைக்கவில்லை. அதனாற் சிற்றலை முழுதும் அடங்காமல் ஒலிவாங்கியின் வழியே நாடாவில் ஏறியிருக்கிறது. “ஒரே சீரா மிதி தம்பி,” என்று அவர் தொடங்குமுன் சொன்னார். நான் சீராக மிதிக்கவில்லை என்பதற்கு இந்த நாடா சாட்சி. கால் தளர்ந்த இடங்களில் நாடா மெல்ல ஓடியிருக்கிறது. ஆகையால் இப்போது சரியான வேகத்திற் போடும்போது அவ்விடங்களில் அவர் குரல் சற்றுக் கூர்மையாகிறது.

ஓரிடத்தில் அவர் பேச்சை நிறுத்திவிடுகிறார். முடித்துவிட்டார் என்று எண்ணி நானும் மிதிப்பதைத் தளர்த்தியிருக்கிறேன். முரல்வு கீழே கீழே இறங்கி ஏறத்தாழ இல்லாமற் போகிறது. பிறகு தொண்டையைச் செருமும் ஓசை. உடனே முரல்வு விரைந்து ஏறுகிறது. “அம்மாவைப் பற்றி யோசியாதை, நான் பாப்பன்,” என்று தொடர்கிறார்.

அன்றிரவு மருமகன் சொன்னான்: “மாமா, இந்தச் சத்தத்தை இப்ப கொம்பியூட்டரிலை பத்து நிமிசத்திலை எடுத்துப்போடலாம். எடுக்கவோ?” அவன் சொன்னது மெய். ஏறி இறங்கும் ஓசையாயினும் அதனைத் தொடர்ந்து சென்று வெட்டும் முறைகள் இன்று உண்டு. நானே முடிவு சொல்ல விரும்பவில்லை. அம்மாவைக் கேள் என்றேன்.

மறுநாட் காலை தமக்கையாரை முன்னாசனத்தில் இருத்தினோம். இளைஞனையும் வற்புறுத்தி ஏற்றிக்கொண்டேன். அவனுக்குரிய கூலியை மருமகன் முதல்நாளே, கேட்டதற்கு மேலாகக் கொடுத்திருந்தான். கல்வளைப் பிள்ளையாரை நினைத்துப் புறப்பட்டோம். மானிப்பாய் தாண்டும்வரை மருமகன் ஒன்றும் போடவில்லை. துணிவு வரவில்லை போலும். பின்பு ஆனைக்கோட்டைக்கு முன்பாகக் குச்சியைச் செருகினான்.

தமக்கையார் அழவில்லை. கைப்பையை இறுகப் பிடித்துக்கொண்டு முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். சிறிது நேரங் கழித்து என் பக்கம் திரும்பி, “பின்னாலை கேக்கிறது உன்ரை சைக்கிள் எல்லே?” என்றார். ஆம் என்றேன். மருமகன் தன் கேள்வியைக் கேட்டான். “வேண்டாம் ராசா. அதை அப்பிடியே விடு,” என்றார், பிறகு, கெதியாய் ஓடவேண்டாம் என்றும் சொன்னார்.

திருவிழாக் காலத்தில் நல்லூர் வீதிகளுக்குள் வாகனங்களை விடுவதில்லை. தூரத்திலேயே ஒரு மரநிழலில் காரை நிறுத்தினோம். நாடாவில் இன்னும் நாலு நிமிடம் இருந்தது. இளைஞன் தானாகவே கையை நீட்டி எஞ்சினை நிறுத்தச் சொன்னான். நால்வரும் இருந்து மிகுதியையும் கேட்டு முடித்துக்கொண்டு இறங்கினோம்.